என் மச்சான் செய்யாத தப்பு

என் பொண்டாட்டிக்கு இந்த உலகத்துல பெருமைன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அவ தம்பியோட கை வேலை. அவ கடைசிக் காலத்துல அந்தப் பெருமையக் கெடுத்தவன் நான். கேக்குறவங்களுக்கு ஒரு காரோட செல்ஃப் மோட்டார் விஷயமாத்தான் தெரியும். எனக்கு அப்டி இல்ல. இத யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு ஒரு வருஷமா நினைச்சினு இருக்கேன், அதான் எழுதுறேன்.

அவளுக்குப் பதினாலு வயசுல அம்மா தவறிட்டாங்க. தம்பிக்கு அப்ப நாலு வயசு. இடுப்புல தூக்கினு ஸ்கூலுக்குப் போனவ, அப்புறம் அதுக்காகவே ஸ்கூல நிறுத்திட்டவ. கல்யாணம் ஆகி முதலியார்பேட்டைக்கு என் வீட்டுக்கு வந்தப்ப அவனும் ஒரு துணிப்பையோட கூடவே வந்தான். எனக்கு மொதல்ல கடுப்பாதான் இருந்துது, மறைக்க மாட்டேன். அப்புறம் எங்களுக்குப் பிள்ளை பொறக்கல. அவளுக்கு அவன்தான் பிள்ளைன்னு ஆயிப்போச்சு. எனக்கும் அப்டித்தான்னு வெளிய சொன்னதில்ல.

அவன் மெக்கானிக் வேலை கத்துக்கினு, பிள்ளைச்சாவடியில ரோட்டோரமா ஒரு ஷெட்டு போட்டான். இப்ப அவனுக்கே நாப்பது தாண்டிடுச்சு, ரெண்டு பொண்ணு. ஆனா இவ பேச்சக் கேட்டா அவன் நேத்துதான் ஸ்பானரத் தொட்டான்னு நினைப்பீங்க. பஸ்ல பக்கத்து சீட்டுல எவனாச்சும் வண்டி மக்கர் பண்ணுதுன்னு வாயத் தொறந்தா போதும், என் தம்பிகிட்ட வுடுங்கன்னு ஆரம்பிச்சிடுவா. வுட்டா ஏரோப்ளேனையும் பிரிச்சு மாட்டுவான்னு சொல்லுவியேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். மாட்டுவான், எவன் குடுக்குறான்னு சீரியஸா கேப்பா.

நான் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவன். மில்லு மூடுனப்புறம் ஒரு காலேஜ் ஆபீஸ்ல அட்டெண்டர். மில்லுல எனக்கு ரெண்டு விஷயம் ஊறிப்போச்சு. ஒண்ணு மூக்குக்கு மேல கோவம். இன்னொண்ணு, இரும்பு எங்கயாச்சும் பெயிண்ட் இல்லாம வெறுமையா இருந்தா என் கை சும்மா இருக்காது. மில்லுல ஒரு நட்டுல துரு ஏறுனாக்கூட சூப்பர்வைசர்கிட்ட எனக்குத்தான் திட்டு. ஊரும் அப்டிப்பட்ட ஊரு. இங்க உப்புக்காத்து ஜன்னல் கம்பியத் தின்னும், கேட்டத் தின்னும், ஆணியக்கூட வுடாது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடி துருவுக்கு அடிக்குற செவப்பு பெயிண்ட், ரெட் ஆக்சைடு டப்பாவத் தூக்கினு கெளம்பிடுவேன். என்னைய வுட்டுட்டு இரும்பக் கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீங்கன்னு அவ சொல்லுவா.

போன வருஷம் அவளுக்கு வயித்துல கட்டின்னாங்க. அப்புறம் அது புத்துநோய்ன்னாங்க. ஆபரேஷன் பண்ற நிலமை இல்ல, ரேடியேஷன், அதான் கரண்டு வைக்கணும்னாங்க. வாரத்துல அஞ்சு நாள், காலையில எட்டரைக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். ஆட்டோ குலுக்கல் அவளுக்குத் தாங்கல. எங்கிட்ட ஒரு பழைய சின்ன பெட்ரோல் கார் இருந்துது. பின் சீட்டுல தலைகாணி போட்டு அதுலதான் கூட்டினு போனேன்.

அந்தக் கார்ல சைலன்சர் குழாய் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. புகை உள்ள வந்துது. எனக்கே தலை சுத்தும், அவளுக்குக் கேக்கணுமா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுப்பா. கையில ஒரு பாலித்தீன் பையப் புடிச்சினு, வாயத் தொடச்சினு, பரவால்ல போங்கம்பா. அதப் பாத்துட்டுதான் மச்சானக் கூப்பிட்டேன்.

ஷெட்டுக்கு எடுத்துனு போகவேணாம், வூட்டு வாசல்லயே வச்சு செஞ்சிடறேன்னான். அக்கா பக்கத்துல இருந்தா மாதிரி இருக்கும்னு அவன் நினைச்சான். சனிக்கிழமை காலையில தூக்கு ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் தூக்கினு வந்துட்டான். அவ வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுனு உக்காந்து பாத்துனே இருந்தா. அன்னைக்கு அவ மூஞ்சியில அவ்ளோ களை. இஞ்சின்லேர்ந்து வர்ற முன் குழாயும் போச்சு மாமா, மொத்தமா மாத்திடலாம்னான். அந்தக் குழாய்க்குப் பின்னாலதான் இஞ்சின சுத்திவுடுற செல்ஃப் மோட்டார் இருக்குது. அதயும் கழட்ட வேண்டியதாப் போச்சு. கழட்டுறதே கழட்டுறோம், தேஞ்சுபோன கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாத்திடலாம்னு பிரிச்சுப் போட்டான். பேட்டரித் தட்டுக்கு அடியில, இஞ்சினையும் பாடியையும் சேக்குற எர்த் பட்டை ஒண்ணு இருக்கும். செம்புக் கம்பியப் பின்னுன பட்டை, செல்ஃபுக்கு கரண்டு அது வழியாத்தான் போவணும். அதயும் கழட்டி, அது உக்கார்ற இடத்த உப்புத்தாள் போட்டு வெள்ளை வெளேர்னு தேச்சு வச்சான். சாயங்காலம் குழாய் மூட்டுக்கு வைக்கிற ஒரு கேஸ்கெட் கிடைக்கல. நாளைக்கு வாங்கினு வந்து மாட்டிடறேன்னு கெளம்பிட்டான்.

அவன் போனப்புறம் நான் வண்டியச் சுத்தி வந்தேன். பேட்டரித் தட்டு கழட்டியிருந்த இடத்துல, பாடியில ஒரு ரூபா காசு அளவுக்கு இரும்பு பளபளன்னு வெறுமையா தெரிஞ்சுது. என்னடா இவன், இப்டித் தேச்சு வுட்டுட்டுப் போயிட்டான், ஒரு மழைக்குத் தாங்குமான்னு தோணுச்சு. டப்பாவ எடுத்தேன். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, காய வுட்டு இன்னொரு கோட்டு. எர்த்துக்கு வெறும் இரும்புதான் வேணும், பெயிண்ட் மேல கரண்டு போவாதுன்னு எனக்குத் தெரியாதா? மில்லுல முப்பது மோட்டாருக்கு எர்த் அடிச்சவங்க பக்கத்துல நின்னவன் நான். அது எதுக்குத் தேச்ச இடம்னு யோசிக்கவே இல்ல. இரும்பப் பாத்தேன், அடிச்சேன். அவ்ளோதான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை அவன் வந்து எல்லாத்தையும் மாட்டுனான். வண்டிக்கு அடியில படுத்துனே கைய வுட்டுத் தடவி அந்தப் பட்டைக்கும் போல்ட்டு போட்டான், அங்கேர்ந்து அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாள் அவனே தேச்ச இடம், இன்னொரு தடவ எட்டிப் பாக்க அவனுக்கு என்ன இருக்கு. நான் பெயிண்ட் அடிச்சத அவன்கிட்ட சொல்லல. சொல்றதுக்கு ஒரு விஷயமாவே அது எனக்குத் தோணல.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. சத்தம் இல்ல, புகை இல்ல. அவ உள்ள உக்காந்து நல்லா மூச்சு இழுத்துப் பாத்து, வாடையே இல்லடான்னு சிரிச்சா. செல்ஃப் மட்டும் கொஞ்சம் இழுத்து இழுத்து சுத்துச்சு. புது புஷ்ஷு மாமா, டைட்டா இருக்கும், ரெண்டு நாள்ல லூசாயிடும்னான். அவன் சொன்ன ஒரே தப்பான வார்த்தை அதுதான். அதயும் அவன் நினைச்சதத்தான் சொன்னான்.

ரெண்டு நாள்ல லூசாவல. நாளுக்கு நாள் மோசமாச்சு. சாவியத் திருப்புனா இஞ்சின் கெழவன் எழுந்திரிக்கிற மாதிரி ஒரு சுத்து, அப்புறம் நிக்கும், அப்புறம் அரைச் சுத்து. பேட்டரி டெர்மினல வெந்நீர் ஊத்திக் கழுவுனேன். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துனேன். வியாழக்கிழமை காலையில டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. அவ பின் சீட்டுல தலைகாணியக் கட்டிப் புடிச்சினு உக்காந்திருக்கா. எட்டு மணி. லேட்டாப் போனா அன்னைக்கு கரண்டு வைக்க மாட்டாங்களோன்னு எனக்கு உள்ள பதறுது.

தெருவுல இருந்தவங்க வந்து தள்ளுனாங்க. எதிர் வூட்டுல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தா பெரியவரு, எண்பது வயசு, அவருகூட பனியனோட வந்து கைய வச்சாரு. எனக்கு மானமே போச்சு. மச்சானுக்குப் போன் அடிச்சேன். அவன் பிள்ளைச்சாவடியிலேர்ந்து வண்டிய முறுக்கினு வந்து சேர்றதுக்கும், தள்ளி ஸ்டார்ட் ஆவறதுக்கும் சரியா இருந்துது. இஞ்சின அணைக்காம வச்சினு, அத்தினி பேர் முன்னாடி அவனப் புடிச்சிக்கினேன்.

என்னென்ன பேசினேன்னு எல்லாத்தையும் இங்க எழுத மாட்டேன். எழுதவே கூசுது. ஓசியில செய்றோம்னு ஏனோதானோன்னு மாட்டிட்டுப் போயிட்டியாடான்னு கேட்டேன். புஷ்ஷு லூசாவும் லூசாவும்னு சொன்னியே, உங்க அக்கா போய்ச் சேந்தப்புறம் லூசாவுமான்னு கேட்டேன். அவ கார்க்குள்ள கண்ணாடிய எறக்கிவுட்டுனு இருந்தா. எல்லாம் அவ காதுல விழுந்துது. அவன் தலையக் குனிஞ்சினு, "ஒரே ஒரு தடவ பாத்துடறேன் மாமா, பத்து நிமிஷம்"னான்.

"என் வண்டியத் தொடாத"ன்னேன்.

அன்னைக்கு அவனத் தொட வுட்டிருந்தா, பத்து நிமிஷம் வேணாம், அஞ்சு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருப்பான். அந்த பெயிண்டப் பாத்து, என்ன மாமா இதுன்னு சிரிச்சிருப்பான். அவளும் சிரிச்சிருப்பா. அத்தோட போயிருக்கும்.

அன்னைக்கு லேட்டானாலும் ஆஸ்பத்திரியில கரண்டு வச்சிட்டாங்க. திரும்பி வர்றப்பதான், "அவன் அப்டி செய்றவன் இல்லையே"ன்னா. எங்கிட்ட இல்ல, ஜன்னலுக்கு வெளிய பாத்து சொன்னா. 

சனிக்கிழமை நெல்லித்தோப்புல ஒரு பேட்டரிக் கடைக்கு எடுத்துனு போனேன். பேட்டரி போச்சு, புதுசு மாத்திடுங்கன்னு சொல்லுவான், உன் வேலையால பேட்டரியும் போச்சு பாருன்னு மச்சான்கிட்ட காட்டலாம்னு ஒரு குரூரமான ஆசை எனக்கு. கடைக்காரரு மீட்டர வச்சுப் பாத்துட்டு பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார்னாரு. செல்ஃப் அடிங்கன்னாரு. அடிச்சேன். அவரு மூக்க உறிஞ்சிப் பாத்தாரு, லேசா பிளாஸ்டிக் தீயுற வாடை. கிளட்ச் கேபிளத் தொட்டுப் பாத்தாரு. என்னையும் தொடச் சொன்னாரு. சுட்டுது. கரண்டு போவ வேண்டிய வழியில போவாம இந்த கிளட்ச் கேபிள் வழியா சுத்திப் போவுது சார்னாரு. ஒரு ஜம்ப்பர் கேபிள எடுத்து, பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, இஞ்சின் மேல ஒரு முனை கவ்வ வச்சாரு. இப்ப அடிங்கன்னாரு. சாவியத் தொட்டதுதான் தெரியும், இஞ்சின் பிச்சினு சுத்துச்சு.

"மோட்டார்ல வேலை சுத்தமா இருக்கு. செஞ்சவரு கைய கும்புடலாம். பாடி எர்த்து மட்டும் பாருங்க"ன்னாரு.

எனக்கு அந்த இடத்துலயே தெரிஞ்சிபோச்சு.  அவரு பாக்குறேன்னதுக்கு வேணாம் வேணாம்னு சொல்லிட்டு வூட்டுக்கு ஓட்டினு வந்தேன். பேட்டரியத் தூக்கி, தட்டக் கழட்டி, பட்டையப் பிரிச்சேன். அடியில என் ரெட் ஆக்சைடு. ரெண்டு கோட்டு. அழகா, ஒரு சொட்டு வழியாம. நடுவுல போல்ட்டு மரையில மட்டும் கொஞ்சூண்டு இரும்பு பட்டுனு இருந்திருக்கு, இத்தினி நாள் வண்டி அந்தக் கொஞ்சூண்டுலதான் சுத்தியிருக்கு.  என் சூப்பர்வைசர் இருந்தா அந்தப் பெயிண்ட் வேலையப் பாத்து சபாஷ்னு சொல்லியிருப்பான்.

உப்புத்தாளால தேச்சேன். திருப்பி மாட்டி சாவியத் திருப்புனேன். ஒரே அடி. உள்ள கட்டில்ல படுத்துனு இருந்த அவளுக்கு அந்த சத்தம் கேட்டுடுச்சு. சுவத்தப் புடிச்சினு வாசல் வரைக்கும் வந்துட்டா. "தம்பி வந்து சரி பண்ணிட்டானாங்க"ன்னு கேட்டா. அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

அப்ப சொல்லியிருக்கணும். ஒரு வரிதான். நான்தான்டி பெயிண்ட் அடிச்சு வச்சேன்னு ஒரு வரி. ஆனா அத்தினி பேர் முன்னாடி கத்துனவன், எண்பது வயசு மனுஷன் காது கேக்க கத்துனவன், எப்டி சொல்றதுன்னு நின்னுட்டேன். "இல்ல, நானே சரி பண்ணேன்"ன்னேன். "ஒரு எர்த்துக் கனெக்ஷன். சரியா உக்காரல."

அதுல ஒரு வார்த்தைகூட பொய் இல்ல. அதான் கேவலம்.

அவ கதவுல சாஞ்சினா. "அப்ப அவன்தான் சரியா மாட்டலையா"ன்னா. நான் ஸ்பானரத் துணியில தொடச்சினு இருந்தேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவ உள்ள போய்ப் படுத்துக்கினா.

நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். நாளைக்கு அவளுக்கு வாந்தி. அதுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில ரத்தம் கம்மியா இருக்குன்னாங்க. இப்பப் போய் இதயா பேசறதுன்னு ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நல்ல காரணம் கெடச்சுது. உண்மை என்னன்னா, என் மூஞ்சி அவ முன்னாடி கெடறத என்னால தாங்க முடியல. அவ தம்பி மூஞ்சி கெட்டா எனக்கு என்ன போச்சு. இப்டித்தான் நான் யோசிச்சிருக்கேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் வந்தான். நான் கூப்புடல, அவனே வந்தான். ரெண்டு எளநியக் கையில வச்சினு வாசல்ல நின்னான். நான் உள்ள வான்னுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன், டீ போடறேன்னு. அவன் கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து அவ கால அமுக்கிவுட்டுனு இருந்தான். எங்க வூட்டுல சமையக்கட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு திரைதான். எல்லாம் கேக்கும்.

மாமாவே எர்த்துக் கனெக்ஷனப் பாத்து சரி பண்ணிட்டாருடான்னு அவ சொன்னா. அவன் அப்டியான்னான். அவன் குரல்ல ஒரு குழப்பம் இருந்துது. அந்த இடத்த நல்லா தேச்சனேக்கான்னு மெதுவா சொன்னான். அவளுக்கு மூச்சு வாங்குது, அப்பவும் வுடல. "நான் ஊரு பூரா உன்னப் பத்தி சொல்லினு இருக்கேன்டா. வேலைன்னா கவனமா செய்யணும். நம்ம வண்டியிலயே இப்டின்னா மத்தவங்க வண்டியில என்ன பண்ணுவ"ன்னா. திட்டல. கெஞ்சுற மாதிரி சொன்னா. அவ அவன ஒரு தடவகூட வேலை விஷயத்துல கொறை சொன்னதில்ல, முப்பது வருஷத்துல.

 டீ பொங்குது, அடுப்ப அணைக்காம நிக்குறேன் நான். அப்புறம் அவன், "தப்புதான்க்கா. மன்னிச்சிடு. இனிமே பாத்து செய்றேன்"ன்னான்.

திரைய வெலக்கினு போயிருக்கலாம். நாலு எட்டு. நான் டீய வடிகட்டுனேன். கொண்டுபோய்க் குடுத்தேன். அவன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கினான்.

அதுக்கு ஒன்பதாம் நாள் மத்தியானம் அவ போயிட்டா. சோறு வேணாம், மோர் மட்டும் குடுங்கன்னா, கலக்கி எடுத்துனு வர்றதுக்குள்ள இல்ல. பொறந்த வூட்டுக் கோடித் துணி அவன்தான் கொண்டாந்தான். பச்சைக் கலர் சேலை, அவளுக்குப் புடிச்ச கலர். அத அவ மேல போத்திட்டு அவ காதுகிட்ட குனிஞ்சு ஏதோ சொன்னான். என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. மறுபடியும் மன்னிப்புதான் கேட்டிருப்பானோன்னு இப்பவும் நினைச்சினே இருக்கேன்.

கருமாதி அன்னைக்கு முறைப்படி மச்சான்தான் புதுத்துண்ட என் தலையில சுத்திக் கட்டணும். கட்டுனான். எல்லாம் முடிஞ்சு, பந்தல்ல எலை போட ஆரம்பிச்சாங்க. அவன் என் கையப் புடிச்சு ஓரமா கூட்டினு வந்தான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு நான் எந்த எடத்துல வுட்டேன்னு காமிங்களேன். எனக்கு யோசிச்சு யோசிச்சுப் புரியல. இன்னொருத்தர் வண்டியில அப்டி பண்ணிடக் கூடாது பாருங்க. அக்கா அவ்ளோ தூரம் சொல்லுச்சு."

நான் அவன கார்கிட்ட கூட்டினு போனேன். பானட்டத் தூக்குனேன். பானட்டத் தாங்குற கம்பி ரெண்டு தடவ நழுவுச்சு, அவன்தான் புடிச்சு மாட்டுனான். பேட்டரியத் தட்டோட ஓரமா நகத்தி, அடியில வெரல வுட்டுக் காமிச்சேன். நான் தேச்ச இடத்தச் சுத்தி ஓரத்துல இன்னும் செவப்பு இருந்துது. அவன் குனிஞ்சு பாத்தான். வெரலால சொரண்டி, வெரலப் பாத்தான்.

"ரெட் ஆக்சைடு"ன்னான்.

"நீ தேச்சு வச்சிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம் நான் அடிச்சேன்"ன்னேன்.

அவன் நிமிரவே இல்ல. அந்த போல்ட்டையே பாத்துனு, "எப்ப தெரியும் உங்களுக்கு"ன்னு கேட்டான்.

"உங்க அக்கா இருக்கும்போதே."

அடிப்பான்னு நின்னேன். அடிச்சிருந்தா வாங்கினு இருப்பேன், சந்தோஷமா வாங்கினு இருப்பேன். அவன் பானட்டச் சத்தம் வராம எறக்கி, ரெண்டு கையாலயும் அமுக்கி மூடுனான்.

"நான் அக்காகிட்ட மன்னிப்பு கேட்டப்ப நீங்க டீ போட்டுனு இருந்தீங்க"ன்னான்.

அவ்ளோதான் சொன்னான். வெரல்ல இருந்த செவப்ப வேட்டியில தொடச்சிக்கினு பந்தலுக்குள்ள போனான். பொறந்த வூட்டு ஆளு அவன் ஒருத்தன்தான், வந்தவங்களுக்குப் பரிமாறணும். சோத்துக் குண்டானத் தூக்கினு வரிசையா எல்லா எலைக்கும் போட்டுனே வந்தான். என்ன உக்கார வச்சிருந்த எலைக்கும் வந்தான். போதும்னு கைய மறிச்சேன்.

"சாப்புடுங்க"ன்னான். மாமான்னு சொல்லல.